பிழைச் செய்தியின் தொடக்க விழா

பள்ளிச் சீருடை தைக்கும் அந்தப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடங்களைப் பற்றி, பாடத்தைத் தவிர, எல்லாம் தெரியும். எந்தப் பள்ளிக்குக் காலர் வட்டம், எந்தப் பள்ளியில் பாவாடைக்கு எத்தனை மடிப்பு, எந்தப் பள்ளிப் பிள்ளைகள் சட்டைப்பையில் கல்லைப் போட்டுக் கிழித்துக்கொண்டு வருவார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. அவள் ஒன்பதாவதோடு நின்றவள். முப்பத்தாறு வயதில், பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவது என்று முடிவு கட்டினாள். யாரோ எடைக்குப் போட இருந்த புத்தகங்களை வாங்கி, தையல் இயந்திரத்தின் மேல் சாய்த்து வைத்து, இரண்டு வருடம் படித்தாள். கால் மிதிக்கும், கை துணியைத் தள்ளும், வாய் சூத்திரம் சொல்லும். ஒருமுறை இரண்டு காலரைச் சேர்த்து ஒரே கழுத்தில் வைத்துத் தைத்துவிட்டாள். அன்றைக்கு வேதியியல்.

இந்த வருடத்தோடு பழைய பாடத்திட்டம் முடிகிறது. அடுத்த வருடம் புத்தகமே வேறு. இந்த மாதம் முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் பதிவு செய்யாவிட்டால் அவள் படித்ததெல்லாம் மறுபடியும் எடைக்குத்தான்.

விரல் ரேகை வைக்க வேண்டும் என்பதால் பதிவுக்குத் தேர்வு அலுவலகத்துக்கு நேரில்தான் போக வேண்டும். எட்டாம் தேதி போனாள். கூடத்தில் பொதுமக்களுக்கென ஒரு கணினி இருந்தது. அதில் தெரிவது பின்னால் நிற்பவர்களுக்கும் தெரியும்படி சுவரில் ஒரு பெரிய திரை. ஒளிவு மறைவற்ற நிர்வாகம் என்று அதன்மேல் எழுதியிருந்தது. வரிசையில் முப்பது பேர் நின்றார்கள். அவளுக்கு முன்னால் ஒரு பால்காரர், காலிக் கேனோடு.

அவள் முறை வந்தது. 'விண்ணப்பம்' என்ற பொத்தானை அழுத்தினாள். திரை சிவந்தது.

*பிழை 08001. தரவுத்தள இணைப்பு மறுக்கப்பட்டது.*

கண்காணிப்பாளர் மேசையில் இருந்தார். அவரிடம் போனாள்.

"சார், மறுக்கப்பட்டதுன்னு வருது. யார் சார் மறுத்தாங்க?"

"யாரும் மறுக்கலம்மா. அதுவா மறுத்துக்குது."

"என்னையா?"

"உங்களை மட்டும்னு இல்ல. எல்லாரையும்தான். இந்த ஆபீஸ்ல பாரபட்சமே கிடையாது."

"அப்ப எப்ப சார் சரியாகும்?"

கண்காணிப்பாளர் பேனாவை மூடினார். விளக்கம் சொல்வதற்கு முன் பேனாவை மூடுவது அவர் வழக்கம். "பாருங்கம்மா. விவரமெல்லாம் தரவுத்தளத்துல இருக்கு. அது தலைமையகத்துல. கம்ப்யூட்டர் இங்க. தலைமையகத்துக்கு அவங்க பொறுப்பு, கம்ப்யூட்டருக்கு நாங்க பொறுப்பு. நடுவுல இருக்கறதுதான் இணைப்பு. நடுவுல இருக்கறதுக்கு யாரும் பொறுப்பு இல்ல."

புகார் எழுத வேண்டும் என்றாள். அவர் மகிழ்ச்சியோடு இரண்டு நோட்டுகளை எடுத்து வைத்தார். ஒன்றின் அட்டையில் 'வேலை செய்யவில்லை' என்றும் மற்றதில் 'புரியவில்லை' என்றும் இருந்தது.

"உங்களுக்கு வேலை செய்யலையா, புரியலையா?"

"ரெண்டும்தான் சார்."

"ரெண்டுக்கும் சேர்த்து நோட்டு இல்ல. வேலை செய்யலைன்னு எழுதுனா தலைமையகத்துக்குப் போகும், பதில் வர ஆறு மாசம். புரியலைன்னு எழுதுனா நாங்களே உடனடியா நடவடிக்கை எடுப்போம். எங்களுக்கு அதிகாரம் இருக்கு."

நடவடிக்கை என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்கு நம்பிக்கை வந்தது. புரியவில்லை என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

நான்காவது நாள் வீட்டுக்குக் கடிதம் வந்தது. அவள் கணவர் குழாய் வேலை செய்பவர். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அவரே பிரித்துப் படித்தார். பிழைச் செய்தியைத் தெளிவாக்கும் உயர்நிலைக் குழுவில் பயனர் பிரதிநிதியாக அவள் நியமிக்கப்பட்டிருக்கிறாள் என்று அதில் இருந்தது.

"ஏய் டீச்சரம்மா, பரீட்சை எழுதப் போனவளை ஆபீசராவே ஆக்கிட்டாங்க போலிருக்கே!"

"கிண்டல் பண்ணாதீங்க. சரி பண்ணத்தான கூப்பிடறாங்க?"

"செய்தியைத் தெளிவாக்கன்னுதான போட்டிருக்கு. குழாய்ல தண்ணி வரலைன்னு என்னைக் கூப்பிட்டா, நான் 'தண்ணி வராது'ன்னு அழகா ஒரு போர்டு எழுதி மாட்டிட்டு வந்தா விடுவாங்களா?"

"நீங்க ஆபீசர் இல்லையே," என்றாள்.

குழு பதிமூன்றாம் தேதி கூடியது. நீள மேசை, பதினொரு நாற்காலி, பதினொரு தண்ணீர்ப் பாட்டில். இயக்குநர் பேச எழுந்தார். பேசும்போது தன் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். எதிரில் இருப்பவர்கள் தெரியாவிட்டால்தான் அவருக்குச் சரளமாக வரும்.

"நண்பர்களே, இருபது வருஷமா மக்கள் இங்க வந்துட்டு வெறுங்கையோட திரும்பிப் போறாங்க. இது எனக்கு ரொம்ப வேதனை. ஏன் வெறுங்கையோட போறோம்னு தெரியாமலே போறாங்க! இந்த நிலைமை மாறணும். இனிமே ஒவ்வொருத்தரும் முழு விளக்கத்தோட வெறுங்கையா போகணும். அதுதான் என் கனவு."

இயக்குநர் உட்படப் பத்து பேர் கை தட்டினார்கள். பதினோராவது ஆளான தையற்காரி கையை உயர்த்தினாள்.

"சார், இணைப்பையே சரி பண்ணிட்டா செய்தியே வேண்டாமே?"

இயக்குநர் வருத்தப்படவில்லை. குழந்தை கேட்ட கேள்விக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "நல்ல கேள்வி. ஆனா குழுவோட பேர் என்னம்மா? பிழைச் செய்தித் தெளிவுக் குழு. இணைப்பு குழுவோட பேர்லயே இல்ல. அதைப் பத்திப் பேசினா நாம எல்லை மீறினதாயிடும்."

அதன்பின் குழு எல்லைக்குள் நின்று வேலை செய்தது. சிவப்பு நிறம் மக்களைப் பதற வைக்கிறது என்று மனநல ஆலோசகர் சொன்னதால் செய்தி இளம்பச்சைக்கு மாற்றப்பட்டது. 'மறுக்கப்பட்டது' என்பது கடுமையாக இருப்பதால் 'இணைப்பு தற்சமயம் தங்களைச் சந்திக்கும் நிலையில் இல்லை' என்று ஆனது. சட்ட அலுவலர் ஒரு வரி சேர்த்தார்: 'இணைப்பு இல்லை என்று இங்கு கூறப்படுவதால், முன்பு இருந்தது என்று அலுவலகம் ஒப்புக்கொள்வதாகப் பொருளாகாது.' இயக்குநரின் புகைப்படத்தை மேலே வைக்கலாம் என்று கண்காணிப்பாளர் முன்மொழிந்தார். எந்தப் படம் என்பதில் இரண்டு கூட்டங்கள் போயின. சிரிக்கும் படம் என்றால் கேலி செய்வதாக நினைப்பார்கள். சோகமான படம் என்றால் யாரோ இறந்துவிட்டதாக நினைப்பார்கள். கடைசியில், சிரிக்கத் தொடங்கும் படம் ஒன்று புதிதாக எடுக்கப்பட்டது.

பழைய செய்தி ஐந்தே சொல்லில் முடிந்திருந்தது. புதியது நானூற்றுப் பன்னிரண்டு சொல்.

தேதி இருபத்தொன்று. தையற்காரி ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்பும் பின்பும் கூடத்துக்குப் போய்ப் பொத்தானை அழுத்திப் பார்ப்பாள். திரை சிவக்கும். அன்றைக்கும் சிவந்தது. பக்கத்தில் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தவரை எல்லாரும் 'ஒயர்' என்று கூப்பிடுவார்கள். அலுவலகத்தின் ஒரே கணினித் தொழில்நுட்பர் அவர்தான். குழுவில் அவரைச் சேர்க்கவில்லை. தண்ணீர்ப் பாட்டில் பதினொன்றுதான் இருந்தது.

"அண்ணே, நிஜமாவே இது எதனால?"

ஒயர் சுற்றுமுற்றும் பார்த்தார். "சொன்னா சிரிப்பீங்க. தரவுத்தளத்துக்குள்ள போக ஒரு பாஸ்வேர்டு இருக்கு. தொண்ணூறு நாளைக்கு ஒரு தடவை அது காலாவதியாயிடும். புதுசு போட ரெண்டு நிமிஷம் போதும். ஆனா அதுக்கு ஒரு படிவம். கண்காணிப்பாளர் கையெழுத்துப் போடணும்."

"போட வேண்டியதுதான?"

"போட்டா, பழசு அவரு கண்காணிப்புல இருக்கறப்பதான் காலாவதியாச்சுன்னு எழுத்துல வந்துடும். அதனால தொட மாட்டாரு."

"அப்ப முந்தியெல்லாம்?"

"புதுசா வர்றவரு முதல் நாளே கையெழுத்துப் போடுவாரு. பழி முன்னாடி இருந்தவருக்குப் போயிடும்ல."

"இவரு எப்ப மாறுவாரு?"

"ஓய்வு பெற இன்னும் மூணு வருஷம் இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குப் போய் நாற்பது சட்டைக்குப் பட்டன் காஜா எடுத்தாள். ஒரு சூத்திரமும் வாயில் வரவில்லை. விஷயத்தைக் கணவரிடம் சொன்னபோது அவர் குழாய்ச் சாவியைக் கையில் எடுத்தார்.

"நான் போய் அந்த ஆள் கையைப் பிடிச்சு எழுத வைக்கட்டா?"

"வேண்டாங்க. அதுக்கும் ஒரு குழு போட்டுடுவாங்க."

செய்தி மக்களுக்குப் புரிகிறதா என்று உறுதிசெய்ய இருபத்தைந்தாம் தேதி ஒரு தேர்வு நடந்தது. கூடத்து வரிசையில் நின்றவர்களையே உட்கார வைத்து, செய்தியைப் படிக்கக் கொடுத்து, பத்துக் கேள்விகள் கேட்டார்கள். நான்காவது கேள்வி: 'இணைப்பு இல்லாதபோது பயனர் என்ன செய்ய வேண்டும்? (அ) காத்திருக்க வேண்டும் (ஆ) பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.' (அ) என்று எழுதியவர்களுக்கு அரை மதிப்பெண்.

தையற்காரி பத்துக்குப் பத்து வாங்கினாள். பிழைச் செய்தியில் தேர்ச்சி பெற்றவர் என்று முத்திரை போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். பால்காரர் மூன்றரை வாங்கித் தோற்றார். மறுதேர்வுக்கு விண்ணப்பிக்கச் சொன்னார்கள். எங்கே விண்ணப்பிப்பது என்று கேட்டார். அதே கணினியைக் காட்டினார்கள்.

"ஏம்மா," என்று பால்காரர் அவள் காதருகே கேட்டார், "நான் பத்தாவது பரீட்சைக்குப் பதியத்தான வந்தேன்? இப்ப எதுல ஃபெயில் ஆகியிருக்கேன்?"

தொடக்க விழா முப்பதாம் தேதி மாலை மூன்று மணிக்கு என்று முடிவானது. அன்றுதான் பதிவுக்குக் கடைசி நாள். கூட்டம் தானாகவே வரும், ஆள் பிடிக்க வேண்டியதில்லை என்று கண்காணிப்பாளர் கணக்குப் போட்டார்.

விழாவுக்கு முதல் நாள் கடைசிக் கூட்டம். செய்தியைத் திரையில் ஏற்ற வேண்டும் என்பதால் ஒயரையும் உள்ளே கூப்பிட்டிருந்தார்கள். அவருக்கு நாற்காலி இல்லை.

"எல்லாம் ஏத்தியாச்சா?" என்றார் இயக்குநர்.

"ஆச்சு சார். விதிப்படி அலுவலக வாசகம் எதுவா இருந்தாலும் தரவுத்தளத்துலதான் வைக்கணும்னு கண்காணிப்பாளர் சார் சொன்னாரு. வாசகத்தைத் தபால்ல அனுப்பித் தலைமையகத்துல ஏத்த வச்சிருக்கேன். ஆனா ஒரு சின்னச் சந்தேகம் சார்."

"சொல்லுங்க."

"இணைப்பு இல்லாதப்பதான இந்தச் செய்தி வரணும்?"

"ஆமா."

"செய்தி எங்கேர்ந்து வரும் சார்?"

"தரவுத்தளத்துல இருந்துதான். நீங்களே சொன்னீங்களே."

"இணைப்பு இல்லாம தரவுத்தளத்துல இருந்து எப்படி சார் வரும்?"

இயக்குநர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒயரைப் பார்த்தார். "தம்பி, இணைப்பு இல்லைங்கறதைத்தான் செய்தி சொல்லுதே. படிச்சுப் பாக்கலையா?"

"படிச்சேன் சார். அது இங்க வந்தாத்தான சார் சொல்லும்?"

விஷயம் மெல்ல மேசையைச் சுற்றி வந்தது. சட்ட அலுவலர் முதலில் வெளிறினார், பிறகு மனநல ஆலோசகர். செய்தியை இந்தக் கணினியிலேயே வைத்துவிடலாம் என்றார் ஒயர். விதியை மாற்ற முடியாது என்றார் கண்காணிப்பாளர். அரைமணி நேரம் கழித்து இயக்குநர் தீர்ப்புச் சொன்னார்: நாளை மூன்று மணிக்கு இணைப்பு கட்டாயம் இருக்க வேண்டும். இணைப்பு இருந்தால்தான் இணைப்பு இல்லை என்ற செய்தியை மக்களுக்குத் தெளிவாகக் காட்ட முடியும்.

"அதுக்குப் படிவத்துல கையெழுத்து வேணும் சார்," என்றார் ஒயர்.

எல்லாரும் கண்காணிப்பாளரைப் பார்த்தார்கள். காரணம் என்ற இடத்தில் 'பிழைச் செய்தியைக் காட்சிப்படுத்தும் பொருட்டு' என்று எழுதலாம் என்று சட்ட அலுவலர் யோசனை சொன்னார். அப்படியென்றால் பழி இல்லை. கண்காணிப்பாளர் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட ஐந்து வினாடி ஆனது.

தையற்காரி அந்தக் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருபத்திரண்டு நாள் அதற்காக நடந்திருக்கிறாள்.

மறுநாள் கூடத்தில் நிற்க இடமில்லை. மேடை போட்டு, ஒலிவாங்கி வைத்து, பெரிய திரைக்கு ரிப்பன் கட்டியிருந்தார்கள். பொதுக் கணினியின் முன் தையற்காரியை உட்கார வைத்தார்கள். இயக்குநர் சொல்லும்போது, ஒயர் புதிதாக வைத்திருக்கும் 'செய்தியைக் காட்டு' என்ற பச்சைப் பொத்தானை அவள் அழுத்த வேண்டும். வேறு எதையும் தொடக்கூடாது என்று கண்காணிப்பாளர் இரண்டு முறை சொன்னார்.

ஒயர் கம்பியைச் சரிபார்ப்பதுபோல அவள் பக்கத்தில் குனிந்தார். "இணைப்பு வந்துடுச்சு. விழா முடிஞ்சதும் எடுத்துடச் சொல்லியிருக்காரு," என்று சொல்லிவிட்டு ஒலிவாங்கிப் பக்கம் போய்விட்டார்.

இயக்குநர் ரிப்பனை வெட்டினார், கண்ணாடியைக் கழற்றினார், திரைக்கு முதுகைக் காட்டிப் பேசத் தொடங்கினார். கண்காணிப்பாளர் அவர் பக்கத்தில் கைகட்டி, அவர் வாயையே பார்த்து நின்றார்.

திரையில் பச்சைப் பொத்தான் இருந்தது. அதன் கீழே பழைய 'விண்ணப்பம்' இருந்தது. மணி மூன்று இருபது. தையற்காரி வாழ்நாளில் சொன்ன பேச்சைத் தட்டியவள் இல்லை. அவள் கை ஒருமுறை மடிக்குத் திரும்பியது. பிறகு நீண்டது.

விண்ணப்பம் திறந்தது.

சுவர்த் திரையில் அது பெரிதாகத் தெரிந்ததும் கூட்டம் மூச்சை இழுத்தது. மொத்தம் ஒன்பது பக்கம். பெயர். பிறந்த தேதி. பாடங்கள். இரண்டு விரலால் தட்டித் தட்டி அவள் நிரப்பினாள்.

"...ஆக, ஒரு செய்தி என்பது வெறும் செய்தி அல்ல," என்று இயக்குநர் முடிக்கப் போனார். அவள் அப்போதுதான் நான்காம் பக்கத்தில் இருந்தாள்.

பால்காரர் கை தட்டினார். உடனே கூடமே தட்டியது. இயக்குநர் நெகிழ்ந்துபோனார், இந்த அளவு வரவேற்பை அவர் பார்த்ததில்லை. இன்னும் ஐந்து நிமிடம் பேசினார். ஆறாம் பக்கத்தில் மறுபடி முடிக்கப் போனார், மறுபடி தட்டினார்கள். "இன்னும் பேசுங்க சார்!" என்று யாரோ கத்தினார்கள். அவர் தன் பள்ளி நாட்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

ஒன்பதாம் பக்கம் விரல் ரேகை. ஆள்காட்டி விரலை வைத்தாள். ஏற்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தாள். ஏற்கவில்லை. இருபது வருட ஊசி அந்த விரலில் ரேகை என்று எதையும் மிச்சம் வைக்கவில்லை. நடுவிரலும் அப்படியே. கட்டைவிரலில் போன வாரம் கத்தரி பட்ட காயம். மேடையில் இயக்குநர் ஐந்தாம் வகுப்பில் இருந்தார், குரல் தழுதழுத்தது. வரிசையில் யாரும் அசையவில்லை. இடதுகைச் சுண்டுவிரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

"...இப்போது நமது பயனர் பிரதிநிதி செய்தியைப் படித்து, அது தெளிவாக இருக்கிறதா என்று உங்களுக்குச் சொல்வார்!" இயக்குநர் திரும்பாமலே ஒலிவாங்கியை நீட்டினார். கண்காணிப்பாளர் அதை வாங்கி அவளிடம் கொடுக்கத் திரும்பி, திரையைப் பார்த்து, அப்படியே நின்றார். கை மட்டும் நீண்டிருந்தது. அவள் ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டாள்.

நாலு பேர் முன்னால் அவள் இதுவரை சத்தமாகப் பேசியதில்லை. திரையைப் பார்த்துப் படித்தாள்.

"உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. பதிவு எண் இரண்டு, பூஜ்யம், ஏழு, ஏழு, ஒன்று, நான்கு." கொஞ்சம் நிறுத்தினாள். "ரொம்பத் தெளிவா இருக்கு சார். ஒரு வார்த்தைகூடச் சேர்க்க வேண்டாம்."

இந்த முறை கை தட்டியது யாருக்காக என்று இயக்குநருக்கே புரிந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"பிழை எங்கய்யா?"

"வரலை சார்," என்றார் ஒயர்.

"ஏன் வரலை?"

"இணைப்பு இருக்கே சார்."

"அப்ப இணைப்பை எடுங்க!"

"எடுத்தா செய்தி வராது சார். பச்சைப் பொத்தானை அழுத்தினா செய்தி வரும், ஆனா பிழை இருக்காது."

"அப்ப இணைப்பும் இருக்கணும், பிழையும் வரணும். என்ன வழி?"

குழு அங்கேயே, மேடைமீதே, அவசரமாகக் கூடியது. முதலில் பிழை ஏற்படாததற்கு யார் பொறுப்பு என்று விவாதித்தார்கள். அதற்குள் பால்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பின்னால் வரிசை தானாக ஒழுங்கானது. முடிவு தெரியும்வரை எதையும் தொட வேண்டாம் என்று ஒயருக்கு உத்தரவு. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல் நின்றார். ஐந்து மணிவரை விவாதம் நடந்தது. ஒன்பது பக்கமும் சுவரில் பார்த்தே மனப்பாடமாகியிருந்ததால், அதற்குள் இருபத்தாறு பேர் பதிந்திருந்தார்கள். கூட்டக் குறிப்பில், 'பிழை ஏற்படாத தொழில்நுட்பக் காரணத்தால் விழா தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படுகிறது' என்று எழுதி, பதினொருவரில் பத்துப் பேர் கையெழுத்திட்டார்கள்.

பதினோராவது ஆள் வாசலில் இருந்தாள். கணவர் குழாய்ச் சாவிப் பையோடு ஓடி வந்தார்.

"என்னாச்சு? இன்னைக்கும் சிவப்பா?"

ரசீதைக் காட்டினாள். அவர் எண்ணை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார், பிறகு தெருவென்றும் பார்க்காமல் அவள் தலையில் லேசாகக் குட்டினார். "சிரியேன்டி. ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

தேர்வுக்கு இன்னும் அறுபத்தொரு நாள் என்று ரசீதில் அச்சாகியிருந்தது. முக்கோணவியலை அவள் இன்னும் திறக்கவே இல்லை. இத்தனை நாளும் அலுவலகத்தைத் திட்டியதில் அது ஞாபகமே வரவில்லை.

"ஏங்க," என்றாள், "இனிமே நான் ஃபெயில் ஆனா, அது நான்தாங்க."